சத்தமில்லாத படகும் வாயில்லாப் பூச்சியும்

அந்த மணல் திட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாயில்லாப் பூச்சி என்று எந்தப் புண்ணியவானோ வைத்த பட்டம், நாளடைவில் வெறும் பூச்சியாகச் சுருங்கி, கடைசியில் கட்டிய மனைவியே வாசலில் நின்று "எங்க வீட்டுப் பூச்சியைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டுமே!

ஊர் என்றால் பெரிய ஊரெல்லாம் இல்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகம், நடுவில் நீட்டிப் படுத்திருக்கும் மணல். அதன்மேல் கொஞ்சம் வீடுகள், ஓர் ஐஸ் கம்பெனி, ஒரு பள்ளிக்கூடம். அக்கரையில் இருக்கும் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் ஐஸ் கம்பெனிக்காரரின் டீசல் படகுதான் கதி. அந்தப் படகைக் காலங்காலமாக ஓட்டி வந்தவர் பூச்சி. அந்த எஞ்சின் போடும் சத்தத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கத்துகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அதில் கைஜாடையில்தான் நடக்கும். அக்கரை போய் இறங்கிய பிறகுதான் யார் ஜெயித்தார்கள் என்பது தெரியும்.

இந்த இடத்தில் பூச்சியின் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். கதை முடிவதற்குள் ஊருக்கே தெரியப்போகிறது, உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? பூச்சி பேசுவார். பேசுவார் என்றால் சாதாரணப் பேச்சில்லை. பின்பலகையில் உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கி, சுக்கான் பிடியில் கை வைத்தாரோ இல்லையோ, மடை திறந்துவிடும். தண்ணீரைப் பார்த்தபடியே, உதடு அசைவதுகூடத் தெரியாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டே போவார். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கஞ்சத்தனம், முதலாளியின் வழுக்கை, பறவைகளின் வீட்டு விவகாரம், எதையும் விட்டுவைக்க மாட்டார். எஞ்சின் அத்தனையையும் விழுங்கிவிடும். மகள் பிறந்த பிறகு அந்தப் பேச்சுக்கு ஒரு விலாசம் கிடைத்தது. "குட்டி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றுதான் அதன்பின் ஒவ்வொரு சவாரியும் தொடங்கியது. குட்டி அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதை ஏன் வீட்டில் பேசவில்லை என்று கேட்பீர்கள். வீட்டில் அவர் மனைவி இருந்தாள். தையல்காரி. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, ஊர் நியாயம் முழுவதையும் மூச்சு விடாமல் பேசக்கூடியவள். நல்லவள்தான். ஆனால் அவள் பேச்சில் ஓர் இடைவெளி விழுந்து, அதில் பூச்சி புகுந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் சாப்பாடு ஆறிவிடும். பூச்சிக்குச் சூடான சாப்பாடு பிடிக்கும்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் சர்க்கார் பொறுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் டவுனில் ஹாஸ்டலில் சேர வேண்டும். பிள்ளைகளை அனுப்ப மனமில்லாமல் ஊரே கூடி ஆறு, ஏழு, எட்டை நாமே நடத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தது. பள்ளிக் கூரை முழுக்க சோலார் தகடு போட்டார்கள். அதில் வரும் கரண்டை ஐஸ் கம்பெனி வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும். அந்தப் பணத்தில் கணக்கு டீச்சர் வந்தார். வெயில் சம்பளம் கொடுப்பதால் அவர் வெயில் டீச்சர் ஆனார். மேகம் கூடினால் கணக்குப் பாடம் நின்றுவிடும் என்று யாரோ கிளப்பிவிட, பிள்ளைகள் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து மேகத்துக்கு உருகி உருகி அழைப்பு விடுத்தார்கள். ஒரு தடவை மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தும் டீச்சர் கணக்குப் போடச் சொன்னபோதுதான் அவர்களுக்குக் கடவுள் நம்பிக்கையே ஆட்டம் கண்டது. தகட்டின் மேல் கடற்காகங்கள் போடும் எச்சத்தைக் கழுவுவது ஏழாம் வகுப்பின் பொறுப்பு. வேண்டாத வேலை என்று ஒருவரும் நினைக்கவில்லை. கூரையில் ஏறிக்கொள்ளச் சர்வ சுதந்திரம் யாருக்குக் கிடைக்கும்?

அறிவியல் டீச்சருக்குச் சம்பளம் படகிலிருந்து. கழிமுகத்தின் உள்ளே அலையாத்திக் காடு இருந்தது. தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு நிற்கும் மரங்கள், அவற்றின் மேல் எக்கச்சக்கமான பறவைகள். அதைப் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டி, அந்த வரும்படியைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஆகவே அவர் படகு டீச்சர். அவரைப்போல் கடமை உணர்ச்சி யாருக்கும் வராது என்பது ஊரின் கருத்து. வந்து சேர்ந்த நாளிலிருந்து லீவுக்குக்கூட ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போனது அந்த டீசல் படகில். அது காட்டுக்குள் நுழையும் முன்பே பறவைகள் குடும்பத்தோடு கிளம்பிவிடும். வந்தவர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு, புகையைக் குடித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். ஒருமுறை வந்தவர் மறுமுறை வரவில்லை. படகு டீச்சரின் சம்பளம் தள்ளாடியது. அப்போதுதான் பள்ளிக் குழு துணிந்து ஒரு பேட்டரி படகு வாங்கியது. பகலெல்லாம் பள்ளிக் கூரையிலிருந்தே சார்ஜ் ஏறும், துளி சத்தம் வராது. டவுனில் இருந்த ஒரு பெரிய சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம், சில விருந்தாளிகளோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவருக்குப் பிடித்துவிட்டால் சீசன் முழுக்க வாரா வாரம் ஆள் வரும். பிடிக்காவிட்டால் படகு டீச்சர் போய்விடுவார், ஐந்துக்கு மேல் வகுப்பு இருக்காது.

குட்டி அப்போதுதான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அவள் அம்மா முன்யோசனைக்காரி. டவுன் ஹாஸ்டலில் ஓர் இடம் பிடித்து, அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்முக்கு மெரூன் துணியும் வாங்கி மடித்து மிஷின்மேல் வைத்துவிட்டாள்.

"என்னங்க, அனுப்பிடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

பூச்சி வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். பூச்சி வாயை மூடிக்கொண்டார். அவர் சும்மா இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். குட்டியும் அப்படியே எடுத்துக்கொண்டு, அப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பூச்சிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது சூடாகத்தான் இருந்தது.

புதுப் படகை யார் ஓட்டுவது என்று பள்ளி வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். குழுத் தலைவர் ஐஸ் கம்பெனிக்காரர். அந்த ஊரில் எல்லாருக்கும் டீசல் எஞ்சினோடு போட்டிபோட்டுக் கத்திக் கத்தித் தொண்டை பழகிப்போயிருந்தது. வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கரையில் நின்று கடலுக்குள் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி பேசிக்கொண்டார்கள்.

"பறவை பார்க்க வர்றாங்கப்பா! வாயே திறக்காத ஆளா வேணும்!" என்று தலைவர் முழங்கினார். பள்ளிக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போயின.

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்த பூச்சியின் பக்கம் திரும்பின.

"அவரு வாயைத் திறந்து நான் பார்த்தது ஒரே தடவைதான்" என்று அவர் மனைவி எழுந்து சாட்சி சொன்னாள். "கல்யாணத்தன்னைக்கு ஃபோட்டோக்காரர் சிரிங்கன்னு சொன்னப்போ!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேசாமல் இருப்பதற்காக ஊரே கூடி ஒரு மனிதனுக்குப் பதவி கொடுத்தது அதுதான் முதல் தடவை. பூச்சி பெருமையோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெள்ளோட்டம். தனியாகப் படகில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். ஊஹூம். பேட்டரி தண்டம் என்று மனதுக்குள் திட்டியபடி நிமிர்ந்து பார்த்தால், கரை தானாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவசரமாகச் சுக்கானைப் பிடித்தார். காட்டுக்குள் படகு வழுக்கிக்கொண்டு நுழைந்தது. பறவை ஒன்றுகூட அசையவில்லை. ஆகா என்று அவர் நினைத்த அந்த நொடியில் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"குட்டி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?"

பூச்சி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லை. பலகைக்கு அடியில் பார்த்தார். அங்கேயும் இல்லை. "யாரது?" என்று கேட்டார். கேட்டது அதே குரல். அப்புறம்தான் உறைத்தது. அது அவருடைய குரல். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை சுக்கானில் பட்டால் வாய் திறந்துகொள்கிறது, அவரைக் கேட்காமலே! மேடம் வருகிற அன்று இப்படித் திறந்துகொண்டால்?

அன்றிலிருந்து பூச்சி படாத பாடு பட்டார். பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுப் பார்த்தார், கரையும் வரைதான் காவல். துண்டைக் கடித்துப் பார்த்தார், பேச்சு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். புறப்படும் முன் வாய் நிறையத் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பிக்கொள்ள, போய்த் திரும்பும் வரை விழுங்காமல் துப்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டியது. ஒத்திகை பிரமாதமாக நடந்தது. கரையில் பார்த்தவர்கள் பூச்சிக்குப் பல்வலி என்று பேசிக்கொண்டார்கள்.

மேடம் வந்தார். கூட ஒரு தொப்பிக்காரர், அவர் மனைவி, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. விளக்கம் சொல்லப் படகு டீச்சர், வழிகாட்டத் தலைவர், தொலைநோக்கி எடுத்துக் கொடுக்கப் பள்ளிப் பிள்ளைகள் சார்பில் குட்டி. பூச்சி வாயை நிரப்பிக்கொண்டு பின்பலகையில் அமர்ந்தார். படகு பூப்போல நகர்ந்தது. "அட!" என்றார் மேடம்.

அவ்வளவுதான் நல்ல சேதி. படகு காட்டுப் பக்கம் திரும்புவதற்குள் டீச்சரின் முகம் வெளுத்தது, பச்சையானது, பிறகு படகின் ஓரத்துக்கு அப்பால் கவிழ்ந்து காணாமல் போனது. படகு டீச்சருக்குப் படகு ஆகாது! அன்று வந்து இறங்கியவர் திரும்பவும் ஏறப் பயந்துதான் லீவுக்குக்கூடப் போகாமல் தங்கியிருக்கிறார்! ஊர் மெச்சிய கடமை உணர்ச்சியின் லட்சணம் இது. விளக்கம் சொல்ல ஆளில்லை. தலைவர் சொல்லலாமென்று வாயெடுத்தார். "இதுதான் மரம்!" என்று அவர் முழங்கியதில் முதல் கிளையிலிருந்த பறவைகள் எழும்ப, மேடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டார். அதன்பின் படகில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். தொப்பிக்காரர் தூங்கிப்போனார். ஜோடி ஒரே தொலைநோக்கிக்கு இழுபறி நடத்திக்கொண்டிருந்தது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

"திரும்பிடலாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

பூச்சி முன்பலகையில் உட்கார்ந்திருந்த குட்டியின் முதுகைப் பார்த்தார். இரட்டைச் சடை, அதற்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்த பழைய துணி ரிப்பன். இந்தப் படகு இப்போது திரும்பினால் அவள் போய்விடுவாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் தண்ணீர் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கிளையில் நாரை ஒன்று வாலைத் தூக்கியது. தலைவரின் வழுக்கைக்கு நட்டநடுவே, குறி பார்த்து வைத்த மாதிரி, 'சொத்' என்று விழுந்தது. தலைவர் கத்தவும் முடியாமல், கத்தாமல் இருக்கவும் முடியாமல், கண்ணை உருட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் தாங்குவான்? பூச்சியின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு, இரண்டு பலகையைத் தாண்டி, மேடத்தின் தோள்வரைக்கும் போய்த் தெளித்தது. தொப்பிக்காரர் மழை என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ, மன்னிச்சுக்கங்க" என்று பூச்சி துண்டோடு எழ, படகு வேருக்குள் புகப் பார்த்தது. தாவிச் சுக்கானைப் பிடித்தார். பிடித்தாரா? கண் தானாகத் தண்ணீர்மேல் போனது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பார்த்தியா குட்டி, நம்ம தலைவர் மண்டையிலேயே போட்டுட்டான். இவ்வளவு பெரிய கழிமுகத்துல அவனுக்கு வேற எடமே கெடைக்கலையா? கெடைக்கும். போன வருஷம் டீசல் படகைக் கொண்டாந்து அவன் குடும்பத்தையே வெரட்டினாங்கல்ல, அந்தக் கோவம். அந்தா, நீர்க்காகம் ரெண்டு சிறகையும் விரிச்சுக் காயப் போட்டிருக்கான் பாரு. ஒரே சட்டை வச்சிருக்கிறவன் பாடு அப்படித்தான். மீன்கொத்திக்கு நெனப்பப் பாரு, இங்க இருக்கிற எல்லாக் கம்பும் தன் பேருல இருக்கிற மாதிரி! அந்த மேல்கிளையில ரெண்டு நாரை இருக்கே, அதுங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. முந்தாநாள் கூடு கட்ட அவன் ஒரு குச்சி கொண்டாந்தான். அவ வாங்கித் தண்ணியில போட்டுட்டா. அவன் இறங்கி அதே குச்சியை எடுத்துட்டு வந்தான். மறுபடி போட்டுட்டா. உங்கம்மாவுக்கு நான் நூல்கண்டு வாங்கின கதைதான். கலர் சரியில்லைன்னு எத்தனை தடவை அக்கரைக்குத் துரத்தினா என்னை!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூச்சிக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஓடும்போது யார் சிரித்து அவர் காதில் விழுந்திருக்கிறது?

"இந்தத் தொப்பிக்காரர் பாவம், ஏறும்போதே கண்ணு சொக்கிடுச்சு. வீட்டுல தூங்க விடறதில்லை போல. அந்தப் புது ஜோடி ஒரே தொலைநோக்கிக்கு அடிச்சுக்குது. கொஞ்சம் பழசானா, 'நீயே பாரும்மா'ன்னு விட்டுடுவாரு. மேடம் பறவையப் பார்க்க வரலை குட்டி, நம்மளப் பார்க்க வந்திருக்காங்க. அவங்க வேணாம்னுட்டா டீச்சர் போயிடுவாங்க. டீச்சருக்குப் படகு ஆகாதே, எப்படிப் போவாங்களோ தெரியலை. நீயும் ஹாஸ்டலுக்குப் போயிடுவே. அனுப்பலாமான்னு உங்கம்மா கேட்டா. வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், மிஷினை மிதிச்சுட்டா. உங்கம்மா பேசிட்டே இருக்கணும், அவ பேசலைன்னா வீட்டுல விளக்கை அணைச்ச மாதிரி இருக்கும். ஆனா நான் எப்பப் பேசுறது? நீ பொறந்ததுலேருந்து எல்லாத்தையும் உங்கிட்டதானே சொல்லிட்டு வர்றேன். நீ போயிட்டா, இதையெல்லாம் நான் யாருகிட்ட சொல்வேன் குட்டி?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். படகில் ஒருவர்கூடப் பறவையைப் பார்க்கவில்லை. முன்பலகையில் குட்டி முழுக்கத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தொலைநோக்கி அவள் கண்ணில் இருந்தது. அது நேராக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

பூச்சிக்கு அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றார் மேடம். ஈரத் தோளைத் துடைக்கக்கூட இல்லை. "அந்தக் குச்சியை அவ கடைசியில வாங்கிக்கிட்டாளா, இல்லையா?"

பூச்சி மேல்கிளையைக் காட்டினார். "இன்னைக்குக் காலையில வலையிலேருந்து பிஞ்ச நீலக் கயிறு ஒண்ணை அவன் கொண்டாந்தானுங்க. அதை வாங்கிக்கிட்டா."

எல்லாரும் மேல்கிளையை அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டின் ஓரத்தில் நீலக் கயிறு தொங்கியது. தொப்பிக்காரரின் மனைவி கைதட்டப்போய், சத்தம் வரக்கூடாதே என்று காற்றிலேயே தட்டினாள். அதைப் பார்த்து எல்லாரும் காற்றில் தட்டினார்கள். தலைவர், தலையில் இருந்ததைத் துடைக்கவும் மறந்து, அவர்களோடு சேர்ந்து தட்டினார். டீச்சர் குனிந்த நிலையிலேயே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

கரை இறங்கியதும் மேடம், சீசன் முழுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. படகு ஓட்டுகிறவர் பேச வேண்டும்.

"இவனா?" என்று தலைவர் அலறினார். "இவன் பேச மாட்டான்னுதானேம்மா இவனைப் போட்டோம்!"

குட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள்.

"இதையெல்லாம் இத்தனை நாளா எங்கேப்பா வச்சிருந்தே?"

"எஞ்சின்ல" என்றார் பூச்சி.

குட்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் கதை இன்னும் கரை சேரவில்லை. சேதி அவர்களுக்கு முன்பே வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தது, பாதி சேதி மட்டும். கம்பெனி சம்மதித்துவிட்டது என்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. உள்ளே நுழைந்தால், மெரூன் துணி மேசைமேல் விரிந்து கிடந்தது. சாக்கட்டியால் கோடு போட்டாயிற்று. தையல்காரியின் கையில் கத்தரிக்கோல்.

"நல்லதாப் போச்சு, ஊர்ப் பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள், நிமிராமலே. "ஆனா நம்ம இடம் கெடைச்சது கெடைச்சதுதான். நாளைக்கே இந்தக் கம்பெனி வேற ஊரைப் பார்த்துட்டுப் போயிட்டா அப்ப யாரு இடம் குடுப்பா? அங்க லைப்ரரி மட்டும் நம்ம வீடு மாதிரி நாலு வீடு. போன தடவையே உங்கப்பா சரின்னுட்டாரு. என்னங்க, வெட்டிடட்டுமா?"

குட்டி அப்பாவைப் பார்த்தாள்.

படகில்லை. தண்ணீரில்லை. மறைந்துகொள்ள எஞ்சின் சத்தமில்லை. மிஷின்கூட ஓடவில்லை. கத்தரிக்கோல் வாயைத் திறந்துவிட்டது, பூச்சியின் வாய் திறக்கவில்லை. அவர் கை பின்னால் போய்ச் சுவரைத் தடவியது. சுவரில் சாய்ந்திருந்த அளவுகோல் கையில் தட்டுப்பட்டது. கட்டையாக, வழுவழுவென்று, பிடிக்கு வாகாக இருந்தது. இறுகப் பற்றிக்கொண்டார்.

"வெட்டாதே."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"வெட்டாதே. அவ எட்டாவது வரைக்கும் இங்கேயே படிக்கட்டும். அப்புறம் நானே கொண்டு போய் விடறேன், நானே படகு ஓட்டிக் கொண்டு போய் விடறேன். கம்பெனி போனா போகட்டும். வெயிலு எங்கேயும் போகாது, பறவையும் எங்கேயும் போகாது, நாம படகை ஓட்டுவோம். நீ சொல்ற லைப்ரரி பெருசுதான். ஆனா எனக்கு இவ இப்ப வேணும். இன்னும் ரெண்டு வருஷம் வேணும்."

தையல்காரி கத்தரிக்கோலைப் போட்டாள். வாசலுக்கு ஓடினாள். "அக்கா! அடுத்த வீட்டு அக்கா! ஓடி வாங்களேன், எங்க வீட்டுக்காரர் வேணாம்னு சொல்றாரு!"

"யாரு சொல்றா?"

"பூச்சிதான் அக்கா! நம்ம பூச்சி!"

"என்ன வேணாம்னு?"

"அது கெடக்கட்டும் அக்கா, சொல்றாரு, அதைக் கேளுங்க முதல்ல!"

திரும்பி உள்ளே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டும் இருந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் என்ன ஆசைப்பட்டா வாங்கினேன் இந்தத் துணியை? வாங்கின நாள்லேருந்து மடிக்கிறேன், பிரிக்கிறேன், கோடு போடறேன், அழிக்கிறேன். இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு எத்தனை நாளா இழுத்துட்டிருக்கேன் தெரியுமா? நானே பேசி நானே முடிவு பண்ணி எனக்கு அலுத்துப்போச்சுங்க!"

அது பூச்சிக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அளவுகோலைப் பிடித்தபடியே அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அப்பா படகுல உன்னைப் பத்தி என்ன சொன்னாரு தெரியுமா?" என்றாள் குட்டி.

"என்னைப் பத்தியா? என்ன சொன்னாரு?"

"விளக்குன்னாரு. அப்புறம் நாரைன்னாரு."

"நாரையா?"

பூச்சி மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார். "எங்கே போறீங்க? அந்த அளவுகோலைக் குடுத்துட்டுப் போங்க" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். மெரூன் துணியைத் திருப்பிப் போட்டு, சாக்கட்டிக் கோட்டை உள்ளங்கையால் தட்டி அழித்தாள். புதிதாக அளக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா தைக்கப் போறே?" என்றாள் குட்டி.

"படகுப் பலகைக்கு மெத்தை. வர்றவங்க வெறும் கட்டையிலயா உட்காருவாங்க?" வாயில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, துணியை அளந்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, கூடுதலாக ஒரு துண்டுக்குக் கோடு போட்டாள். "சுக்கானுக்குப் பக்கத்துல ஓர் ஆள் உட்கார எடம் இருக்குல்ல? அங்க போட ஒண்ணு. அது எனக்கு. நாளைக்கு நானும் வர்றேன், பேச மாட்டேன்."